அறிக்கையில் எழுதாமல் விட்ட மதியச் சாப்பாடு

இந்த மாதக் கடைசியோடு, உடைந்த பொருள்களைப் பற்றி நீதிமன்றத்தில் சாட்சி சொல்லும் வேலையை விடுகிறேன். கணவருக்கு டெக்ஸாஸில் வேலை கிடைத்திருக்கிறது. எனக்கும் அங்கே ஒரு தொழிற்சாலையின் சோதனைக்கூடத்தில் இடம் கிடைத்துவிட்டது. முப்பத்து மூன்று வயதில் ‘ஓய்வு பெறுகிறேன்’ என்றால் வீட்டில் சிரிக்கிறார்கள். எட்டு வருடம், பதினோரு வழக்கு, நாற்காலியில் உட்கார்ந்து சாட்சி சொன்னது நான்கு முறை. (இங்கே சாட்சிக் கூண்டு கிடையாது. சுழலும் நாற்காலிதான். சுழலக் கூடாது.) என் கணக்கில் இது ஒரு முழுப் பணிக்காலம்.

நியூஜெர்சியில் நம் பொறியாளர்கள் நான்கைந்து பேர் இதே வேலைக்குப் புதிதாக வந்திருக்கிறீர்கள். போன வாரம் எடிசனில் ஒரு வீட்டில் கூடியபோது உங்களில் ஒருவர் கேட்டார்: “சுதாக்கா, நீங்க பண்ணினதுலயே பெரிய மிஸ்டேக் எது?” தட்டைக் கையில் வைத்துக்கொண்டு சொல்லும் கதை இல்லை என்பதால் இப்போது எழுதுகிறேன். இதில் வரும் இரண்டு பெண்களிடமும் கேட்டுவிட்டேன். ஒருவர், “எழுதும், ஆனா முழுசா எழுதும்” என்றார். ஏன் அப்படிச் சொன்னார் என்பது படித்தால் தெரியும்.

விதியை ஒரு பத்தியில் சொல்லிவிடுகிறேன். சிவில் வழக்கில் ஒரு நிபுணர் என்ன சொல்லப்போகிறார் என்பதை எதிர்த்தரப்புக்கு முன்கூட்டியே எழுத்தில் கொடுத்துவிட வேண்டும். அவருடைய கருத்து என்ன, எதைப் பார்த்து, எதைக் கேட்டு அந்தக் கருத்துக்கு வந்தார் என்று அந்த அறிக்கையில் இருக்க வேண்டும். எழுதாத ஒன்றை நாற்காலியில் உட்கார்ந்து சொல்லத் தொடங்கினால் எதிர் வக்கீல் எழுந்து நிற்பார், நீதிபதி நிறுத்தச் சொல்லிவிடலாம். கருத்து மாறினால் திருத்தம் கொடுக்கலாம், விசாரணைக்குக் குறித்த நாளுக்கு இருபது நாள் முன்பு வரை. இது நியூஜெர்சி. கலிபோர்னியாவில் இரு தரப்பும் ஒரே நாளில் நிபுணர் பட்டியலைக் கைமாற்றிக்கொள்வார்கள் என்று பிளசன்டனில் இருக்கும் என் தோழி சொல்கிறாள். டெக்ஸாஸில் நிபுணரின் பெயரை நேரத்துக்குச் சொல்லாவிட்டால் ஆளையே உள்ளே விடமாட்டார்களாம். மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும், வருடத்துக்கு வருடமும் மாறும். வக்கீலிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இனி கதை. அப்போது எனக்கு முப்பது வயது.

தவமணி அக்கா யாழ்ப்பாணத்தில் கணக்கு டீச்சராக இருந்தவர். எண்பத்து மூன்று கலவரத்துக்குப் பிறகு இங்கே வந்து ஒரு பெரிய சலவைக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தார். அங்கே சட்டைகளை அழுத்தித் தேய்க்கும் பிரஸ் ஒன்று உண்டு. கீழே ஒரு மெத்தைப் பலகை, மேலே சூடான கனத்த தகடு. கால் பெடலை மிதித்தால் மேல் தகடு இறங்கும், விட்டால் ஒரு பெரிய ஸ்பிரிங் அதை மேலே இழுத்து நிறுத்தும். ஒரு நாள் அக்கா ஒரு காலரை விரித்து நீவிக்கொண்டிருந்தபோது அந்த ஸ்பிரிங்கின் கொக்கி அறுந்தது. கால் பெடலில் இல்லை. தகடு தானாகவே அவருடைய வலது கைமேல் விழுந்தது. அதற்குப் பிறகு அந்தக் கையில் நான்கு விரல்கள் மடங்குவதில்லை.

வேலையிடத்தில் அடிபட்டால் முதலாளி மேல் வழக்குப் போட முடியாது. அதற்கென்று இருக்கும் காப்பீட்டோடு அது முடிந்துவிடும். மீதி இருந்த வழி, இயந்திரத்தைச் செய்த நிறுவனத்தின் மேல் வழக்கு. அந்த நிறுவனத்தின் தவறுதான் என்று சொல்ல ஒரு நிபுணர் வேண்டும். நிபுணர் இல்லாவிட்டால் வழக்கே நிற்காது. அந்த நிபுணர் நான்.

அக்காவின் வக்கீல் அமெரிக்கர். அவருடைய ஆபீசில் உதவியாளராக இருந்தவர் செல்வராணி. என் வயதுதான். யாழ்ப்பாணத்தில் ஆறு வருடம் வக்கீலாக இருந்தவர். அந்தப் படிப்பு இங்கே செல்லாது என்பதால் மற்றவர்களின் கோப்புகளைக் கட்டிக்கொண்டிருந்தார். நான் அறிக்கை எழுதும் முன்பு அவர்தான் சொன்னார்: “மெஷின் எப்பிடி இருந்தது, என்ன சத்தம் போட்டது எண்டு தவமணி அக்காவைப் போய்க் கேளும். தமிழிலையே கேளும். இங்கிலீசிலை கேட்டால் அவ ‘யெஸ்’, ‘நோ’ எண்டு மட்டும்தான் சொல்லுவா.”

ஒரு சனிக்கிழமை மதியம் போனேன். கதவு திறந்ததுமே தாளித்த வாசனை. மேசையில் வாழையிலைக்குப் பதிலாகப் பெரிய பீங்கான் தட்டு.

“அக்கா, நான் வேலை விஷயமா வந்திருக்கேன். கொஞ்சம் கேள்வி கேட்டுட்டுக் கிளம்பிடறேன்.”

“வேலைக்கு வாற ஆக்களுக்குப் பசிக்காதே? இரும். அந்தப் புத்தகத்தை அங்காலை வையும். சோத்துக்குப் பக்கத்திலை எழுதிற பழக்கம் எங்களிட்டை இல்லை.”

“இல்லக்கா, வந்து...”

“உமக்கெண்டு மரக்கறி மட்டும்தான் சமைச்சனான். மெட்ராஸ் பிள்ளை மீன் தொடமாட்டா எண்டு செல்வராணி சொன்னவ. இனி நீர் சாப்பிடாமல் போனால் நான் ஒரு கையாலை அரைச்சதெல்லாம் வீண்.”

இதற்கு எந்த மாநிலத்துச் சட்டத்திலும் பதில் இல்லை. உட்கார்ந்தேன். சிவப்பரிசிச் சோறு, கத்தரிக்காய்ப் பால்கறி, பருப்பு, சோற்றில் விட்டுக்கொள்ளத் தேங்காய்ப்பால் சொதி. அக்கா பேசினார், நான் கேட்டேன். ஒரு மணி நேரம். இயந்திரத்தைப் பற்றி, மேஸ்திரியைப் பற்றி, கணக்கு டீச்சரைச் சட்டை தேய்க்க வைத்த உலகத்தைப் பற்றி. என் வலது கை சோற்றில் இருந்தது. நோட்டுப் புத்தகம் சோபாவில் இருந்தது.

திங்கட்கிழமை அறிக்கை எழுதினேன். எங்கள் நிறுவனத்தை நடத்தியவர் எப்போதும் ஒன்று சொல்வார்: சுருக்கமாக எழுது, எழுதிய ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஒரு குறுக்குக் கேள்வி வரும். எனக்குப் பட்டியல் போடப் பிடிக்கும். ‘ஆராய்ந்தவை’ என்று ஆறு போட்டேன்: ஸ்பிரிங், புகைப்படங்கள், இயந்திரத்தின் கையேடு, விபத்து அறிக்கை, மருத்துவக் குறிப்பு, வாதி கொடுத்த வாக்குமூலம். முடிவு: கொக்கியில் ஒரு ஆழமான கீறல் இருந்தது, அது தயாரிப்பின்போது விழுந்த குறை, அங்கேதான் வெடிப்பு தொடங்கி ஸ்பிரிங் அறுந்தது. முதல் வரைவில் இன்னொரு வரியும் இருந்தது. எந்த ஸ்பிரிங்கும் ஒரு நாள் அறும், அறுந்தால் தகடு கையில் விழாமல் தாங்க இன்னொரு பிடிப்பு வைத்திருக்க வேண்டும் என்று. அதை அடித்துவிட்டேன். இது எந்தப் பொறியாளருக்கும் தெரிந்ததுதானே, தேவைப்பட்டால் வாயால் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

உங்களில் எத்தனை பேர் இதைப் படித்துவிட்டு உங்கள் வரைவுகளைத் தேடிப் போகிறீர்கள் என்று பார்க்க ஆசை.

ஐந்து மாதம் கழித்து, விசாரணைக்கு இருபத்தொன்பது நாள் இருக்கும்போது, செல்வராணி போன் செய்தார்.

“சுதா, நீர் ஒரு சனிக்கிழமை தவமணி அக்கா வீட்டை போய்ச் சாப்பிட்டனீர் எல்லே?”

“ஆமா. அது ஆச்சு அஞ்சு மாசம்.”

“எஞ்சினியர் பிள்ளை மூண்டு தரம் சொதி விட்டுச் சாப்பிட்டது எண்டு அவ ஊரெல்லாம் சொல்லித் திரியிறா.”

“ரெண்டு தரம்.”

“ரெண்டோ மூண்டோ, உம்மடை ரிப்போட்டிலை ஒரு தரமும் இல்லையே. ஆராய்ஞ்சது எண்டு ஆறு போட்டிருக்கிறீர். ஏழாவது எங்கை?”

“சாப்பாட்டை எதுக்குங்க ரிப்போர்ட்ல போடணும்?”

“சாப்பாட்டை இல்லையப்பா. சாப்பிடேக்கை அவ கதைச்சதை. நீர் கேட்டனீர் எண்டால் அது உம்மடை தலைக்குள்ளை இருக்கு. உம்மடை தலைக்குள்ளை இருக்கிறது மற்றப் பக்கத்துக்குத் தெரியவேணும். நோட்ஸ் எடுத்தனீரோ?”

“எடுக்கல.”

“ஏன்?”

“கை எச்சில்.”

 மறுமுனையில் செல்வராணி சிரிக்கத் தொடங்கினார். நிறுத்த முடியவில்லை. “இதை நீர் ஜட்ஜிட்டை சொல்லும். நான் வந்து முன்வரிசையிலை இருந்து பாக்கிறன்.”

நான் சிரிக்கவில்லை. போனை வைத்துவிட்டு ஒரு தாளை எடுத்து, அன்று அக்கா சொன்னதில் நினைவுக்கு வந்ததையெல்லாம் எண் போட்டு எழுதினேன். பதினேழு வந்தது. பன்னிரண்டாவது, இரண்டாம் முறை சொதி விடும்போது அவர் போகிறபோக்கில் சொன்னது: “அந்த ஸ்பிரிங் புதுசு, பிள்ளை. ரெண்டு கிழமைக்கு முன்னந்தான் முதலாளி ஒராளைக் கொண்டு வந்து மாத்தினவர்.”

அப்படியென்றால் நான் ஆராய்ந்தது, விபத்துக்கு இரண்டு வாரம் முன்பு யாரோ மாட்டிய ஸ்பிரிங். பிறகு சோதனைக்கூடத்துக்குப் போய் ஸ்பிரிங்கை மறுபடி நுண்ணோக்கியில் வைத்தேன். முதல் தடவை அறுந்த முனையை மட்டும் பார்த்திருந்தேன். இப்போது அறாத முனையில் இருந்த கொக்கியைப் பார்த்தேன். அதிலும் அதே மாதிரிக் கீறல்கள், சம இடைவெளியில். இடுக்கியின் பல் தடம். தொழிற்சாலையில் அச்சில் வளைத்த கொக்கியில் அது இருக்காது. யாரோ கம்பிச் சுருளை வாங்கி, இடுக்கியால் பிடித்துக் கையால் கொக்கி வளைத்து மாட்டியிருக்கிறார்கள். கீறல் இருந்தது உண்மை. அதைப் போட்டது இயந்திரத்தைச் செய்த நிறுவனம் என்று நான் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தது பொய்யாகிவிட்டது.

அக்காவின் வழக்கு முழுவதும் அந்த ஒரு வாக்கியத்தின் மேல் நின்றது.

மறுநாள் காலை திருத்தக் கடிதத்தை எழுதி வக்கீலிடம் கொண்டுபோனேன். இரண்டு பத்தி. முதல் பத்தியில், இன்ன நாளில் வாதியின் வீட்டில் மதிய உணவின்போது ஸ்பிரிங் மாற்றப்பட்டது பற்றி வாதி சொன்னார் என்றும், மறுபடி பார்த்ததில் அது உறுதியாகிறது என்றும், தயாரிப்புக் குறை என்ற கருத்தைத் திரும்பப் பெறுகிறேன் என்றும் இருந்தது. இரண்டாம் பத்தி, நான் அடித்துவிட்ட வரி: ஸ்பிரிங் யாருடையதாக இருந்தாலும் அது அறுந்தால் தகட்டைத் தாங்க ஒரு பிடிப்பு இருந்திருக்க வேண்டும்.

வக்கீல் இரண்டு முறை படித்தார். “இரண்டாம் பத்தி அருமை. முதல் பத்தியை எடுத்துவிடு.”

“எடுக்க முடியாது.”

“எதிர்த்தரப்பு நிபுணரும் இதே ஸ்பிரிங்கைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. அவருடைய வேலையை நீ ஏன் செய்கிறாய்?”

“என் வேலையைத்தான் செய்கிறேன். நான் கையெழுத்துப் போட்ட ஒரு வாக்கியம் தப்பு. அந்தத் தப்பு அவர்கள் கையில் இருக்கிறது.”

“கேட்டால் சொல்லு. கேட்காவிட்டால்?”

“கேட்காவிட்டால் அதே தப்பை நான் சத்தியம் செய்துவிட்டு மறுபடி சொல்ல வேண்டும். இரண்டு பத்தியையும் அனுப்புங்கள். இல்லை என்றால் என் பெயரை எடுத்துவிடுங்கள்.”

அவர் மோசமான மனிதர் இல்லை. கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: “உன் பெயரை எடுத்தால் வேறு நிபுணருக்கு நேரம் இல்லை. திருத்தம் கொடுக்கவே எட்டு நாள்தான் மிச்சம். நிபுணர் இல்லாவிட்டால் நீதிபதி வழக்கைத் தள்ளிவிடுவார். முதல் பத்தி எதிர்த்தரப்பின் கைக்குப் போனால் அவர்கள், ‘சலவைக்கூட முதலாளியின் ஸ்பிரிங், எங்களுக்குச் சம்பந்தமில்லை’ என்பார்கள். எப்படிப் பார்த்தாலும் அந்த அம்மாவுக்கு நஷ்டம். நீ அதைத் தெரிந்துகொண்டுதான் பேசுகிறாயா?”

ஒரு மணி நேரம் அவகாசம் கேட்டேன். கீழே பார்க்கிங்கில் காருக்குள் போய் உட்கார்ந்து பட்டியல் போட்டேன். இடது பக்கம், முதல் பத்தியைக் கொடுத்தால் அக்கா எதையெல்லாம் இழப்பார் என்று எழுதினேன். ஏழு வரி வந்தது. வலது பக்கம், கொடுக்காவிட்டால் யார் எதை இழப்பார்கள் என்று எழுத வேண்டும். பேனாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு வரியும் வரவில்லை. நான் இழப்பேன் என்று எழுதலாம், ஆனால் நான்கு விரல்களுக்குப் பக்கத்தில் அதை எழுத வெட்கமாக இருந்தது. எண்ணிக்கையைப் பார்த்து முடிவெடுக்கும் பழக்கம் எனக்குச் சின்ன வயதிலிருந்து உண்டு. அன்று ஏழுக்குப் பூஜ்யம். அப்படியும் அந்தத் தாளை மடித்து உள்ளே வைத்துவிட்டு மேலே போய் இரண்டு பத்திக்கும் கையெழுத்துப் போட்டேன்.

உங்களிடம் இதற்கு ஒரு காரணம் சொல்ல வேண்டும் என்று பல முறை யோசித்திருக்கிறேன். பெரிய கொள்கை எதுவும் அன்று மனத்தில் இல்லை. அந்த நாற்காலியில் உட்கார்ந்து அந்த வாக்கியத்தை நான் சொல்வதாக நினைத்துப் பார்த்தேன். குரல் வரவில்லை. அவ்வளவுதான்.

வக்கீல் கடிதத்தை வாங்கிக்கொண்டார். “இதை உடனே அனுப்ப மாட்டேன். முதலில் அந்த அம்மாவிடம் சொல்ல வேண்டும்” என்றார். பிறகு, “என்னதான் சாப்பிட்டாய் அங்கே?” என்று கேட்டார்.

சொன்னேன்.

“அடுத்த முறை சாண்ட்விச் கட்டிக்கொண்டு போ” என்றார்.

இரண்டு நாள் கழித்து அக்காவே என் ஆபீசுக்குப் போன் செய்தார்.

“நான் சோறு போட்டுச் சொன்ன கதையைக் கொண்டுபோய் அவங்களுக்கு எழுதிக் குடுக்கிறீரோ?”

“அக்கா, நான் இப்ப உங்ககிட்ட கேஸைப் பத்திப் பேசக் கூடாது.”

“சாப்பிடேக்கை பேசலாம், இப்ப பேசக் கூடாதோ? நல்ல சட்டம்!” போன் வைக்கப்பட்டது.

இந்த முறை எழுதிக்கொண்டேன்: தேதி, நேரம், ஒரு நிமிடத்துக்கும் குறைவான பேச்சு, வழக்கைப் பற்றிய தகவல் எதுவும் இல்லை. எழுதிவிட்டு வாஷ்ரூமுக்குப் போய்க் கொஞ்ச நேரம் அழுதேன். அதை எழுதிக்கொள்ளவில்லை.

எதிர்த்தரப்பு எழுத்தில் கேட்டிருந்த கேள்விகளுக்கு அக்கா கையெழுத்துப் போட்டுத் தரும் பதில்களும் திருத்தத்தோடு போக வேண்டும். அதை வாங்க செல்வராணி அவர் வீட்டுக்குப் போனார். அங்கே நடந்ததை அன்று மாலை அவரே போனில் சொன்னார்.

“கதவைத் திறந்தவுடனை ஏச்சுத்தான். இருக்கவும் சொல்லேல்லை, தேத்தண்ணியும் இல்லை.”

“என்ன சொன்னாங்க?”

“கடிதத்தைப் பிடுங்கி வாசிச்சா. வாசிச்சுப்போட்டு, ‘என்ரை வகுப்பிலை இப்பிடி எழுதினால் பாதி மார்க்தான்’ எண்டா. ‘ஸ்பிரிங்கை மாத்தினவை எண்டு எழுதியிருக்கிறா. ஏன் மாத்தினவை எண்டு அந்தப் பிள்ளை கேட்டவவே? சொதியிலை இருந்த கவனம் கேள்வியிலை இல்லை’ எண்டு ஒரே ஏச்சு.”

“ஏன் மாத்தினாங்களாம்?”

“அதைத்தான் நானும் கேட்டனான். பழசு அறுந்துபோச்சாம் சுதா. மெஷினோடை வந்த ஸ்பிரிங். மத்தியானச் சாப்பாட்டு நேரம், மெஷினடியிலை ஒருத்தரும் இல்லை. மேல் தட்டு தன்ரை பாட்டிலை டமார் எண்டு விழுந்தது. எல்லாரும் ஓடிப்போய்ப் பாத்தவையாம். நாலு பேரின்ரை பேரும் சொன்னவ. அதுக்குப் பிறகுதான் முதலாளி புதுசு போட்டவர்.”

கணக்கு டீச்சர் சொன்னது சரி. பாதி மார்க் கூட அதிகம். ஒரு பாகம் மாற்றப்பட்டது என்று கேட்டால் பழையதுக்கு என்ன ஆயிற்று என்று கேட்பது முதல் வருட மாணவனுக்கே தெரியும். நான் தட்டின் முன்னால் உட்கார்ந்தபோதும் கேட்கவில்லை, நினைவு வந்தபோதும் கேட்கவில்லை. மறைத்துவிடக் கூடாது என்ற பயத்திலேயே நின்றுவிட்டேன். கோபத்தில் அவர் சொன்னது இல்லாவிட்டால் வழக்கு அங்கேயே முடிந்திருக்கும்.

கடிதம் இன்னும் போகவில்லை. மூன்றாவது பத்தி சேர்த்தேன்: நிறுவனத்தின் சொந்த ஸ்பிரிங்கும் அறுந்திருக்கிறது, அப்போதும் தகடு விழுந்திருக்கிறது, ஆகவே யார் ஸ்பிரிங் போட்டார்கள் என்பதைவிட, அறுந்தால் தாங்க எதுவும் இல்லை என்பதே காரணம். வக்கீல் அந்த நான்கு பேரில் இரண்டு பேரைத் தேடிப் பிடித்துச் சாட்சிப் பட்டியலில் சேர்த்தார். கெடுவுக்கு மூன்று நாள் முன்பு எல்லாம் எதிர்த்தரப்பின் கைக்குப் போய்ச் சேர்ந்தது. செல்வராணியே காரை ஓட்டிக்கொண்டுபோய்க் கொடுத்து, ரசீதில் கையெழுத்து வாங்கிக்கொண்டு வந்தார். தபாலை அவர் நம்பவில்லை.

விசாரணையில் எதிர் வக்கீல் என்னை விடவில்லை. உயரமானவர், மிக மரியாதையாகப் பேசுவார்.

“நீங்களும் வாதியும் ஒரே மொழி பேசுகிறவர்கள்?”

“ஆம்.”

“அவர் வீட்டில் விருந்து சாப்பிட்டீர்கள்?”

“மதிய உணவு. என் திருத்தத்தின் முதல் பத்தியில் இருக்கிறது.”

“நல்ல சாப்பாடா?”

“மிக நல்ல சாப்பாடு. என் கருத்துக்கு அது ஆதாரம் இல்லை.”

ஜூரியில் இரண்டு பேர் சிரித்தார்கள். பின்வரிசையில் தமிழ்ப் பெண் ஒருவரின் இருமலும் கேட்டது. செல்வராணிக்குச் சிரிப்பை அப்படித்தான் மறைக்கத் தெரியும். எதிர் வக்கீல் முதல் அறிக்கையைத் தூக்கிக் காட்டி, இது தவறுதானே என்றார். தவறு என்றேன். எப்போது தெரிந்தது என்றார். தேதியைச் சொன்னேன். அவர் கையிலேயே அந்தக் கடிதம் இருந்ததால் மேலே கேட்க அவருக்கு அதிகம் இல்லை.

எங்கள் வக்கீல் எழுந்து ஒரே ஒரு கேள்வி கேட்டார். “அந்தச் சாப்பாட்டில் நீங்கள் கேட்டதில், எதிர்த்தரப்புக்கு முதலில் எழுதிக் கொடுக்க நினைத்தது எதை?”

“வாதிக்குப் பாதகமானதை.”

அவ்வளவுதான். உட்கார்ந்துவிட்டார். நான் அன்று சொன்ன சின்னப் பதில்களில் அது ஒன்று. பிடிப்பைப் பற்றி நாற்பது நிமிடம் விளக்கியிருந்தேன். ஜூரி எதை நம்பினார்கள் என்று எனக்குத் தெரியாது, தெரிந்ததுபோல் உங்களிடம் சொல்ல மாட்டேன். மூன்றாம் நாள் அவர்கள் அக்காவின் பக்கம் தீர்ப்புச் சொன்னார்கள்.

நீங்கள் எதிர்பார்ப்பது போல நான் இப்போது, ‘வாதியின் வீட்டில் சாப்பிடாதீர்கள்’ என்று சொல்லப்போவதில்லை. சொன்னாலும் கேட்க மாட்டீர்கள். தட்டைப் போட்டுவிட்ட பிறகு எழுந்து வர நம்மில் யாருக்கும் தெரியாது. கை கழுவிவிட்டு வந்து, காரை ஸ்டார்ட் செய்யும் முன்பு, கேட்டதையெல்லாம் எழுதுங்கள். எழுதியதில் எந்த இடத்தில் ‘ஏன்’ என்று கேட்காமல் விட்டீர்களோ, அங்கே ஒரு கோடு போட்டுவிட்டுத் திரும்ப உள்ளே போங்கள். காபியும் கொடுப்பார்கள்.

தீர்ப்பன்று நான் நீதிமன்றத்துக்குப் போயிருந்தேன். போக வேண்டிய அவசியம் இல்லை. வக்கீல்கள் தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். அக்கா வெளியே வராந்தாவில், கோட்டை ஒரு தோளில் மட்டும் மாட்டிக்கொண்டு நின்றார். போன் பேச்சுக்குப் பிறகு நாங்கள் பேசவே இல்லை. நான் பக்கத்தில் போய்க் கோட்டின் மறு கையைப் பிடித்தேன். அவர் மெதுவாக வலது கையை அதற்குள் விட்டார்.

“ஒண்டு கேக்கிறன். இப்ப கதைக்கலாம் எல்லே?”

“கதைக்கலாம் அக்கா. கேஸ் முடிஞ்சுது.”

“பழைய ஸ்பிரிங் அறுந்த கதை உமக்குத் தெரியாது. தெரியாமல்தான் அந்தக் கடிதத்தை எழுதினனீர்.”

“ஆமா.”

“அப்பிடி ஒரு கதை இல்லாட்டில், அந்தக் கடிதத்தோடை என்ரை வழக்கு முடிஞ்சிருக்கும்.”

“முடிஞ்சிருக்கும் அக்கா.”

“அது தெரிஞ்சும் எழுதினனீர்.”

 ஆமென்று தலையை ஆட்டினேன். அவர் கோட்டுப் பொத்தானை இடது கையால் ஒவ்வொன்றாகப் போட்டார். நான் உதவிக்குக் கை நீட்டவில்லை. கடைசிப் பொத்தானைப் போட்டுவிட்டு நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

“சரி. இனி ஒரு நாளைக்கு உம்மை மற்றப் பக்கத்துச் சாட்சியாக் கொண்டுவந்து இருத்தினாலும் எனக்குப் பயமில்லை.”